ஜெராக்ஸ், பிடிஎஃப், யூடியூப்: மாணவர்களுக்குப் பதிப்புரிமை

“பத்து சதவீதம் வரை எடுத்தால் தப்பில்லை.” “முப்பது விநாடிக்குள் பாட்டைப் போட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.” “கடைசி ஸ்லைடில் நன்றி என்று போட்டுவிட்டால் போதும்.” கல்லூரியில் புராஜெக்ட் செய்கிற எவரும் இந்த மூன்றையும் யாராவது ஒரு சீனியரிடம் கேட்டிருப்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை முன்னும் பின்னும் புரட்டினாலும் இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. எத்தனை பக்கம், எத்தனை விநாடி என்று அந்தச் சட்டம் தொடங்குவதில்லை. எந்த வேலைக்காக எடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் அன்றாடம் வருகிற சந்தேகங்களில் பாதிக்கு மேல் தானாகத் தீரும்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம், மென்பொருள் போன்ற ஆக்கங்களுக்குக் கிடைப்பது பதிப்புரிமை. புதுக் கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது காப்புரிமை. கடைப் பெயர், சின்னம் ஆகியவற்றுக்கு வணிகக் குறி. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ‘காப்புரிமை’ என்றே எழுதிவிடுவதால், கதையைத் திருடிய வழக்கும் மருந்துக் கம்பெனி வழக்கும் ஒன்று என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிக் காலம். இங்கே பேசப்போவது பதிப்புரிமை மட்டும். இந்தியாவில் அதற்கான சட்டம் 1957இல் இயற்றப்பட்டு 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2012இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது.

எதற்கு உரிமை, எதற்கு இல்லை

ஒரு கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்தக் கருத்தைச் சொன்ன விதத்துக்கு உண்டு. ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்பது யாருக்கும் சொந்தமில்லை. அதை விளக்க ஒரு பாடநூலில் எழுதிய பத்தியும், பக்கத்தில் வரைந்த வண்ணப் படமும் அதை ஆக்கியவருக்குச் சொந்தம். இராஜராஜன் எந்த ஆண்டு முடிசூடினான் என்ற தகவலை எங்கிருந்தும் எடுக்கலாம். ஒரு வரலாற்றாசிரியர் அதைச் சொல்லி எழுதிய வாக்கியங்களை அப்படியே தூக்கக் கூடாது. சூத்திரம், தேதி, மக்கள்தொகை எண், ஆய்வக அளவீடு எல்லாமே முதல் வகை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அழுத்தமாகச் சொன்னது: ஒரே கருவை இருவர் எடுத்தாளலாம், இரண்டையும் பார்க்கிறவருக்கு ஒன்று மற்றதன் நகல் என்று தோன்றினால்தான் மீறல்.

உரிமை பெற விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எழுதி முடித்த நொடியில், படம் பிடித்த நொடியில் அது வந்துவிடுகிறது. வட்டத்துக்குள் ‘சி’ போடாத படம் யாருக்கும் சொந்தமில்லாத படம் அன்று. உங்கள் வகுப்புக் குறிப்பேடு, செல்போனில் எடுத்த கோயில் கோபுரப் படம், நீங்கள் எழுதிய நிரல் எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. பதிவு செய்வது விருப்பம். இலக்கிய ஆக்கம் ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். பின்னாளில் தகராறு வந்தால் பதிவுச் சான்றிதழ் நல்ல ஆதாரம், அவ்வளவுதான். கதையை உறையில் போட்டு ஒட்டித் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்ளும் பழக்கம் சினிமா ஆசை உள்ளவர்களிடம் உண்டு. தேதியைக் காட்ட உதவலாம். சட்டத்தில் அதற்கென்று தனி மதிப்பு எதுவும் சொல்லப்படவில்லை.

யாருக்கு உரிமை? பொதுவாக ஆக்கியவருக்கு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்கு. மாணவர் கல்லூரியின் ஊழியர் இல்லை; வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரை புராஜெக்ட் அறிக்கையின் உரிமை எழுதிய மாணவருக்கே. பலரும் எதிர்பார்க்காத விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: பணம் கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்குப் போகிறது. கல்யாண ஆல்பம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். கல்லூரி ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு அமர்த்திய புகைப்படக்காரர் எடுத்த படங்கள் கல்லூரிக்கு. நண்பர் ஆசைக்கு எடுத்த படம் நண்பருக்கு.

எவ்வளவு காலம்: ஒரு கணக்கு

எழுத்து, இசை, ஓவியம், புகைப்படம் ஆகியவற்றுக்கு ஆக்கியவர் வாழும் காலமும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரதிதாசன் மறைந்தது 1964. 1965 ஜனவரி 1இலிருந்து 60 ஆண்டு எண்ணினால் 2024 டிசம்பர் 31 வருகிறது. கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் எழுத்துக்கு 2041 முடியும்வரை பாதுகாப்பு. சுஜாதா 2008இல் மறைந்தார். 2068 முடிய வேண்டும். ‘பழைய எழுத்தாளர்தானே’ என்ற உணர்வை நம்பாதீர்கள், கழித்தல் கணக்கை நம்புங்கள். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டிலிருந்து இதே முறையில் 60 ஆண்டு. இந்த 60 முன்பு 50ஆக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கு 1991 முடிவில் காலம் முடியவிருந்த வேளையில் இந்திய அரசு பத்தாண்டைக் கூட்டியது. அந்த நீட்டிப்பு எல்லாருக்கும் பொருந்திவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு: நாட்டுடைமை. அரசு எழுத்தாளருக்கோ வாரிசுகளுக்கோ பரிவுத்தொகை கொடுத்து, காலம் முடியும் முன்பே ஆக்கங்களைப் பொதுவாக்கிவிடுகிறது. பாரதியின் ஆக்கங்களின் உரிமையை 1949இல் அரசு பெற்று, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. கல்கியின் எழுத்துகளுக்குச் சாதாரணக் கணக்குப்படி 2014 முடியும்வரை பாதுகாப்பு இருந்திருக்கும். 1990களின் இறுதியிலேயே அவை நாட்டுடைமையாகிவிட்டன. அதனால்தான் கடையில் ஒரே நாவல் பத்துப் பதிப்பகங்களின் அட்டையோடு அடுக்கியிருக்கிறது. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பார்க்கலாம். பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனம். இந்த இடங்களில் இருக்கிற எல்லாமே காலம் முடிந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். உரிமையாளர் அனுமதித்ததால் இருக்கிறவையும் உண்டு. நூலின் முதல் பக்கங்களைப் படியுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உரிமைகளில். திருக்குறளுக்கு உரிமையாளர் இல்லை. பரிமேலழகர் உரைக்கும் இல்லை. ஜி.யு. போப் 1908இல் மறைந்தார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பையும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இன்று வாழும் ஒருவர் எழுதிய எளிய உரை அவருடையது. குறளும் உரையும் கலந்த பக்கத்தை ஸ்கேன் செய்து போட்டால் எடுத்தது இரண்டையும்தான். நாட்டுடைமை நாவலிலும் இப்படியே: கதை பொது, பதிப்பாசிரியர் புதிதாக எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டை ஓவியம் பொது இல்லை.

பாட்டில் இது இன்னும் சிக்கல். ஒரு திரைப்பாடலுக்குள் பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று உரிமைகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. பாரதி பாடலைத் திரைப்படத்தில் பாடியிருந்தால் வரி உங்களுக்கு இலவசம். மெட்டு இசையமைப்பாளர் பக்கம், பதிவு தயாரிப்பாளர் அல்லது இசை நிறுவனம் பக்கம். குறும்படத்துக்குப் பாரதி பாட்டு வேண்டுமா? வகுப்பில் பாடத் தெரிந்த ஒருவரைச் சொந்த மெட்டில் பாடவைத்து நீங்களே பதிவு செய்யுங்கள். மூன்றும் உங்கள் கையில்.

‘ஃபேர் யூஸ்’ எந்த ஊர்ச் சொல்?

இணையத்தில் எல்லாரும் சொல்கிற ‘ஃபேர் யூஸ்’ அமெரிக்கச் சட்டத்தின் சொல். அங்கே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆவது பிரிவு நான்கு அளவுகோல்களைக் கொடுக்கிறது: எடுத்ததன் நோக்கமும் தன்மையும், மூல ஆக்கத்தின் இயல்பு, எடுத்த அளவும் அந்தப் பகுதியின் முக்கியத்துவமும், மூலத்தின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு. எந்த வகைப் பயன்பாட்டையும் இந்த நான்கால் நிறுத்துப் பார்க்கலாம்; முன்கூட்டிப் பட்டியல் இல்லை. நெகிழ்வு அதிகம், நிச்சயம் குறைவு.

இந்தியாவில் இருப்பது ‘ஃபேர் டீலிங்’, நியாயமான கையாளல். இது மூடிய பட்டியல். 52ஆவது பிரிவில் எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் வேலை அதில் ஏதாவதொரு வரிக்குள் வரவேண்டும். வராவிட்டால், ‘கொஞ்சமாகத்தான் எடுத்தேன்’, ‘லாபம் பார்க்கவில்லை’ என்பவை உங்களைக் காப்பாற்றப் போதா. வந்த பிறகுதான் எடுத்தது நியாயமான அளவா என்ற கேள்வியே எழும்.

தமிழ் மாணவர்கள் பல நாடுகளில் படிப்பதால் ஒரு குறிப்பு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அமெரிக்க வழியில் நான்கு அளவுகோல்களைக் கொண்டிருக்கிறது. அங்கே காலம் வாழ்நாளும் 70 ஆண்டும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் திறந்த வகை, காலமும் 70 ஆண்டு. மலேசியாவில் 50 ஆண்டு. சென்னையில் பொதுவாகிவிட்ட ஒரு நூல் யாழ்ப்பாணத்தில் இன்னும் உரிமைக்குள் இருக்க வாய்ப்பிருக்கிறது. எந்த நாட்டில் பயன்படுத்துகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டமே பேசும்.

52ஆவது பிரிவில் மாணவருக்கு என்ன இருக்கிறது

முதல் உட்பிரிவில் மூன்று வேலைகள்: சொந்தப் பயன்பாடு (அதில் ஆராய்ச்சியும் அடக்கம்); திறனாய்வு அல்லது மதிப்புரை; நடப்புச் செய்தி, பொதுச் சொற்பொழிவு ஆகியவற்றை அறிவித்தல். நூலகப் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை உங்கள் படிப்புக்காக நகல் எடுத்துக்கொள்வது முதலாவதில் வரும். அதே நகலைப் பிடிஎஃப் ஆக்கி 300 பேர் இருக்கும் டெலிகிராம் குழுவில் போட்ட கணத்தில் அது சொந்தப் பயன்பாடு என்ற பெயரை இழக்கிறது. சட்டம் அதைப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்த்தல் என்ற கணக்கில் வைக்கும். இலவசமாகத்தான் கொடுத்தேன் என்பது தண்டனையின் அளவைப் பேசும்போது உதவலாம், மீறல் இல்லை என்று காட்ட உதவாது.

கணினி நிரல்களுக்கு இந்த முதல் உட்பிரிவு பொருந்தாது. சட்டமே ‘கணினி நிரல் நீங்கலாக’ என்கிறது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்பு நகல் எடுத்துவைக்கலாம், நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம். ‘கிராக்’ செய்த வடிவமைப்பு மென்பொருளை ‘படிப்புக்குத்தானே’ என்று நிறுவுவதற்கு இங்கே இடமில்லை. தெரிந்தே கள்ள நகலைக் கணினியில் பயன்படுத்துவதற்கென்று 63பி என்று தனிப் பிரிவே இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் மாணவர் பதிப்பைச் சலுகை விலையில் தருகின்றன; லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் போன்றவை முழுக்கவே இலவசம்.

அடுத்தது வகுப்பறை. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் எந்த ஆக்கத்தையும் மறுபதிப்புச் செய்யலாம். தேர்வில் கேள்வியின் பகுதியாகவும், அந்தக் கேள்விக்கு எழுதும் பதிலிலும் எடுக்கலாம். கவனித்துப் பாருங்கள், இந்த வரியில் அளவு எதுவும் சொல்லப்படவில்லை. ‘கற்பித்தலின் போக்கில்’ என்ற தொடர் எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான் தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கின் மையம்.

2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் சேர்ந்து, தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப வெவ்வேறு நூல்களிலிருந்து குறித்துக் கொடுத்த அத்தியாயங்களைக் கடைக்காரர் நகலெடுத்து, ஒரே கட்டாகத் தைத்து மாணவர்களுக்கு விற்றார். கடைக்காரர் லாபம் பார்க்கிறார், ஆகவே மீறல் என்பது பதிப்பகங்களின் வாதம். 2016 செப்டம்பர் 16 அன்று தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தல் என்பது ஆசிரியர் வகுப்பில் பேசும் நேரத்தோடு முடிவதில்லை என்றது. நகல் எடுத்த பகுதி கற்பித்தலுக்குத் தேவைப்பட்டதா என்பதே சோதனை. எத்தனை சதவீதம் என்பது தனியாக நின்று தீர்மானிக்காது என்றும் சொன்னது. அந்தந்தப் பகுதிகள் தேவைதானா என்ற உண்மை விசாரணைக்கு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. மறுபதிப்பு உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன மனுவும் அதே ஆண்டு மே மாதம் ஏற்கப்படவில்லை.

இந்தத் தீர்ப்பைக் காட்டி ‘முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போடலாம்’ என்று சொல்வது மிகைப்படுத்தல். அங்கே பேசப்பட்டது பாடத்திட்டத்தில் இருந்த, ஆசிரியர் குறித்துக் கொடுத்த பகுதிகளைப் பற்றி. கல்லூரி வாசலில் 900 ரூபாய்ப் புத்தகத்தை முழுதாக நகலெடுத்து 250 ரூபாய்க்கு அட்டை போட்டு விற்கிற கடை, வாங்குகிறவர் யாரென்றுகூடக் கேட்பதில்லை. கற்பித்தல் என்ற குடை அதற்கு விரியுமா என்பது பெரிய சந்தேகம். கையில் நகல் எடுக்க ஒரு கட்டு இருக்கிறதென்றால் பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு இது என்று மேலே எழுதி வையுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்தப் பக்கம் வேண்டாத பக்கம்.

விழா நாட்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக மாணவரும் ஆசிரியரும் நாடகம் போடலாம், பாடலாம். திரைப்படமோ ஒலிப்பதிவோ போட்டுக் காட்டலாம். பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் இது உடைவது இரண்டு இடங்களில். ஒன்று, ‘கல்ச்சுரல்ஸ்’ என்று வெளிக் கல்லூரிக்காரர்களுக்கும் டிக்கெட் விற்பது. இன்னொன்று, நேரலை. அரங்கில் ஆடிய திரைப்பாட்டு நடனம் யூடியூபில் ஏறியவுடன் பார்வையாளர் உலகமாகிவிடுகிறார். அரங்கில் சட்டப்படி நடந்த நிகழ்ச்சியின் காணொளியே ஒலி முடக்கப்பட்டு நிற்பது இதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீதிமன்றத் தீர்ப்புகளையும் அரசிதழில் வந்தவற்றையும் மறுபதிப்பிக்கலாம்; சட்டங்களை, விளக்கவுரையோ வேறு சொந்த எழுத்தோ சேர்த்து மறுபதிப்பிக்கலாம். சட்ட மாணவர்களுக்கு இது பெரிய வரம். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலையைப் படம் பிடிக்கலாம், வரையலாம். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, லாப நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படி வரை எடுக்கலாம்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கான விதிவிலக்கு வேறு யாருக்கும் இல்லாத அளவு அகலமானது, ஆனால் கல்லூரிகளில் அதிகம் பேசப்படுவதில்லை. 2012 திருத்தம் சேர்த்த வரி இது: சாதாரண வடிவில் படிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்காக எந்த ஆக்கத்தையும் அவர் அணுகக்கூடிய வடிவுக்கு யாரும் மாற்றலாம், கல்விக்காகவோ சொந்தப் பயன்பாட்டுக்காகவோ அவரோடு பகிரலாம். முழு நூலையும் ஸ்கேன் செய்து எழுத்துணரியில் ஓட்டி, திரைவாசிப்பானுக்கு ஏற்ற கோப்பாக்கித் தரலாம். நண்பர்கள் பகுதி பகுதியாக வாசித்து ஒலிநூலாக்கலாம். அதற்கு ஆன செலவைத் தவிர லாபம் வாங்கக் கூடாது. அந்தக் கோப்பு குறைபாடு இல்லாத மற்றவர்களின் வாட்ஸப்புக்கு நழுவாமல் பார்த்துக்கொள்வது செய்து தருபவர் பொறுப்பு. இதே நோக்கமுடைய மாரகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

திறனாய்வு, கிண்டல், யூடியூப்

திறனாய்வு என்ற வரிதான் நாளிதழ் விமர்சகருக்கும், கவிதை ஆய்வேடு எழுதும் மாணவருக்கும், படத்தைக் கிழிகிழி என்று கிழிக்கிற யூடியூபருக்கும் பொதுவான அடித்தளம். இதில் அளவை எப்படி முடிவு செய்வது என்பதற்குக் கேரள உயர் நீதிமன்றம் 1996இல் சிவிக் சந்திரன் வழக்கில் நல்ல வழி காட்டியிருக்கிறது. புகழ்பெற்ற மலையாள நாடகம் ஒன்றுக்கு எதிர்வினையாக இன்னொரு நாடகம். மூலத்தின் பாத்திரங்களும் சில உரையாடல்களும் அதில் வந்தன. நீதிமன்றம் பார்த்த மூன்று: அதன்மேல் வைத்த கருத்தோடு ஒப்பிட, எடுத்ததன் அளவும் மதிப்பும் எவ்வளவு; எதற்காக எடுத்தார்; இரண்டும் ஒரே சந்தையில் போட்டியிடுமா. எதிர் நாடகம் தப்பியது, ஏனென்றால் அது மூலத்தைத் திருப்பிச் சொல்லவில்லை, அதோடு சண்டை போட்டது.

இதை உங்கள் வேலைக்கு மாற்றினால் இப்படி வரும். பதினாறு வரிக் கவிதையை முழுதாகக் கொடுத்துவிட்டு, கீழே ‘அருமையான படிமம்’ என்று ஒரு வரி எழுதினால் அது மறுபதிப்பு. நான்கு வரி எடுத்து அதன் சொல்லாட்சியை ஒரு பக்கம் அலசினால் திறனாய்வு. காணொளியிலும் அதே: காட்சியை ஓடவிட்டு ஓரத்தில் முகத்தைக் காட்டிச் சிரிப்பது பலவீனமான இடம். இருபது விநாடி ஓடவிட்டு நிறுத்தி, கேமரா ஏன் அங்கே நிற்கிறது என்று பேசிவிட்டு அடுத்த துண்டுக்குப் போவது உறுதியான இடம். உச்சக்காட்சியைத் தொடாமல் இருப்பது புத்திசாலித்தனம். உள்ளடக்கத்தின் இதயத்தை எடுத்தால் சிறிய அளவும் பெரிதாகிவிடும். அமெரிக்காவில் 1985இல் வந்த ஒரு தீர்ப்பு இதைக் காட்டியது. முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின், அப்போது வெளிவராத தன்வரலாற்றிலிருந்து ‘தி நேஷன்’ இதழ் எடுத்தது ஏறக்குறைய 300 சொற்கள்தான். மொத்த நூலோ சுமார் 2,00,000 சொற்கள். தனக்கு முன் அதிபராக இருந்த நிக்சனை மன்னித்தது பற்றிய, ஆட்கள் நூலை வாங்கக் காரணமாக இருந்த பகுதி என்பதால் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சதவீதக் கணக்கு எடுபடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

யூடியூபில் வரும் அறிவிப்புகளில் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘கன்டென்ட் ஐடி’ உரிமைகோரல் என்பது தானியங்கிப் பொருத்தம். காணொளியின் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் மறைக்கப்படலாம். சேனலுக்குக் கரும்புள்ளி இல்லை. மறுத்தால் எதிராளிக்குப் பதில் சொல்ல 30 நாள். ‘ஸ்ட்ரைக்’ வேறு: உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கேட்டு, நீக்கப்பட்டதன் அடையாளம். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனல் போகும். நியாயமான பயன்பாடு என்று உறுதியாக நம்பினால் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். அதில் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகும், அவர் வழக்குத் தொடுக்க 10 வேலை நாள் பெறுவார். இதெல்லாம் அமெரிக்கச் சட்டத்தின் வழியில் ஓடும் நடைமுறை என்பதால் அங்கே நான்கு அளவுகோல் மொழியில் எழுதுவதுதான் பயன்படும். ‘மீறும் எண்ணம் இல்லை’ என்று விளக்கப் பெட்டியில் ஒட்டுகிற வரி எந்த நாட்டிலும் பயன்படாது. படித்துப் பார்த்தால், அடுத்தவர் பொருள் என்று தெரிந்துதான் எடுத்தேன் என்ற ஒப்புதல் மாதிரிதான் இருக்கிறது.

திருட்டும் மீறலும்

கருத்துத்திருட்டு கல்வி ஒழுக்கம் சார்ந்த குற்றம். பதிப்புரிமை மீறல் சட்டம் சார்ந்தது. இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று நடக்கும். புதுமைப்பித்தனின் பத்தியை உங்கள் பெயரில் போட்டால் பதிப்புரிமை மீறல் இல்லை, அவர் எழுத்துகள் நாட்டுடைமை. ஆனால் அப்பட்டமான கருத்துத்திருட்டு. இன்றைய எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பை அவர் பெயரோடு, நன்றியோடு, முழுதாக இணையத்தில் ஏற்றினால் கருத்துத்திருட்டு இல்லை, மீறல். நன்றி சொல்வது முதல் நோய்க்கு மருந்து, இரண்டாவதற்கு இல்லை.

தொடக்கத்தில் சீனியர் சொன்ன அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் இங்கேயே ஊகிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆய்வேட்டின் ஒற்றுமை அளவுக்கு, அதாவது அது மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு, நிலைகள் உண்டு. 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. 10 முதல் 40 வரை, ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை, ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கத் தடை. 60க்கு மேல் மாணவரின் ஆய்வுப் பதிவு ரத்து. மென்பொருள் கணக்கிடும்போது உரிய முறையில் மேற்கோள் காட்டியவை, துணைநூல் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பிரிவுகள், சமன்பாடுகள் நீக்கப்பட வேண்டும். இது ஒற்றுமை அளவு மட்டுமே. ஆய்வேட்டில் இருக்கும் ஒரே ஒரு புகைப்படம் அனுமதியில்லாமல் எடுத்ததாக இருந்தால் அறிக்கையில் பூஜ்யம் சதவீதம் காட்டும், மீறல் மீறலாகவே இருக்கும்.

படம் வேண்டுமென்றால்

கூகுள் படத் தேடல் வெறும் தேடுபொறி. அங்கே தெரிகிற படம் அதை எடுத்தவருடையது. தேடிய பிறகு ‘டூல்ஸ்’, அதற்குள் ‘யூசேஜ் ரைட்ஸ்’ என்பதில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ தேர்ந்தெடுங்கள். அல்லது நேரே விக்கிமீடியா காமன்ஸுக்குப் போங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் உரிமையாளர் சில நிபந்தனைகளோடு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்டார் என்று பொருள். ‘பிஒய்’ இருந்தால் பெயர் குறிப்பிட வேண்டும். ‘எஸ்ஏ’ இருந்தால், மாற்றியமைத்து வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ‘என்சி’ வணிகத்துக்கு ஆகாது. ‘என்டி’ மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது. ‘சிசி0’ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் ‘என்டி’ படத்தின்மேல் எழுத்தைப் பொறித்து சுவரொட்டி செய்வதிலும், ‘என்சி’ இசையை விளம்பரம் ஓடும் சேனலில் சேர்ப்பதிலும். பெயர் குறிப்பிடுவதிலும் அரைகுறை அதிகம். ‘படம்: விக்கிப்பீடியா’ என்று போட்டால் போதாது, விக்கிப்பீடியா படம் எடுப்பதில்லை. படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், எங்கே இருக்கிறது, எந்த உரிமம் ஆகிய நான்கும் வேண்டும். அச்சில் படத்துக்கு அடியிலும், ஸ்லைடில் அதே பக்கத்திலும், காணொளியில் விளக்கப் பெட்டியிலும் போடலாம். வெட்டியிருந்தால், நிறம் மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எதிலும் அடங்காதபோது அனுமதி கேட்பதுதான் மிச்சம். யாரைக் கேட்பது என்பதில் ஒரு கண்ணி: எழுத்தாளர் உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் எழுத்தாளரின் ‘சரிப்பா, போட்டுக்கோ’ பயன்படாது. நூலின் உரிமைப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு எழுதுங்கள். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கங்கள், எதில் சேர்க்கப் போகிறீர்கள், எத்தனை படி, அச்சா இணையமா, விலை உண்டா இல்லையா, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். இவ்வளவும் ஒரே மின்னஞ்சலில் இருந்தால் பதில் வர வாய்ப்பு அதிகம். ‘உங்கள் படைப்பைப் பயன்படுத்தலாமா’ என்று மட்டும் கேட்டால் மறுபடி நான்கு கேள்வி வரும், அல்லது ஒன்றுமே வராது. அனுமதி எழுத்தில் வேண்டும். தொலைபேசியில் சொன்னால் ‘நீங்கள் சொன்னபடி’ என்று மின்னஞ்சல் அனுப்பி உறுதி செய்யச் சொல்லுங்கள்.

இதே கவனம் மறுபக்கத்திலும் வேண்டும். உங்கள் கவிதையையோ கட்டுரையையோ ஓர் இதழுக்கோ போட்டிக்கோ கொடுக்கும்போது கையெழுத்திடும் தாளைப் படியுங்கள். உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘அனைத்து ஆக்கங்களும் அமைப்பாளருக்கே சொந்தம்’ என்ற வரி போட்டி விதிமுறைகளில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ சின்ன எழுத்தில் இருக்கும்.

கேட்ட அனுமதிக்குப் பதில் வரவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். மௌனம் சம்மதம் என்கிற வழக்கு இங்கே செல்லாது. அப்போதும் வேலை நின்றுவிடாது: இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்துக்கு அனுமதி வராவிட்டால், இரண்டு மூன்று நூல்களைப் பார்த்து அறைகளும் தமனிகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு, நூல்களை மூடிவைத்துவிட்டு வெள்ளைத் தாளில் நீங்களே வரையுங்கள். கோடு கொஞ்சம் கோணலாக இருக்கட்டும். கீழே ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடலாம்.